சேர்வரின் தொடக்கக் கடவுச்சொல்லும் பூட் தெரிவுகளும்: மட்டக்களப்பு, அம்பாறை அலுவலகங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்லடியிலிருந்து பொத்துவில் வரை சிறிய அலுவலகங்களின் சேர்வர்களைப் பராமரிப்பது என் தொழில். நெல் ஆலை, பார்மசி, தனியார் கல்வி நிலையம், கடன் கொடுக்கும் சங்கம் என்று இடம் மாறும். கேட்கும் கேள்விகள் அதிகம் மாறுவதில்லை. பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் அவசர நேரத்தில் எடுத்துப் பார்க்க உதவும் என்பதால் இந்தப் பக்கம். டெல், எச்பிஈ, லெனோவோ, சூப்பர்மைக்ரோ சேர்வர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். மெனுக்களின் பெயர் மாடலுக்கு மாடல் சற்று வேறுபடும்.

பயோஸ் கடவுச்சொல் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது ஒன்றா, இரண்டா?

இரண்டு. பயோஸ் என்பது மின்சாரம் வந்ததும் முதலில் ஓடும் அடிப்படை நிரல்; அது இயங்குதளத்தை ஏற்றி எழுப்புவதுதான் பூட். இந்த இரண்டு கடவுச்சொற்களையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தொல்லை வருகிறது.

முதலாவது தொடக்கக் கடவுச்சொல். சேர்வருக்கு மின்சாரம் வந்து அது எழும்போதே, விண்டோஸோ லினக்ஸோ வருவதற்கு முன்பே, இது கேட்கப்படும். சரியாகக் கொடுக்காவிட்டால் இயந்திரம் அங்கேயே நின்றுவிடும். இரண்டாவது செட்டப் கடவுச்சொல். இது சேர்வர் எழுவதைத் தடுக்காது. பயோஸ் அமைப்புகளுக்குள் போய் எதையாவது மாற்ற முயன்றால் மட்டுமே கேட்கும். வீட்டின் வாசற்கதவுக்கு ஒரு திறப்பும் உள்ளே உறுதிப்பத்திரம் வைத்த அலுமாரிக்கு வேறொரு திறப்பும் இருப்பதில்லையா, அது போலத்தான்.

பெயர்கள் குழப்பக்கூடும். டெல்லில் "சிஸ்டம் பாஸ்வேர்ட்" என்பது தொடக்கக் கடவுச்சொல். "செட்டப் பாஸ்வேர்ட்" பெயரிலேயே தெளிவு. எச்பிஈயிலும் லெனோவோவிலும் "பவர்-ஆன் பாஸ்வேர்ட்" தொடக்கத்துக்கு, "அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்ட்" அமைப்புகளுக்கு. பழைய பலகைகளில் (மதர்போர்டுகளில்) "யூசர்", "சூப்பர்வைசர்" என்று இருக்கும். நீங்கள் தினமும் விண்டோஸில் கொடுக்கும் கடவுச்சொல்லுக்கும் இவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

எங்கள் சேர்வருக்கு எதைப் போட வேண்டும்?

செட்டப் கடவுச்சொல்லைக் கட்டாயம் போடுங்கள். தொடக்கக் கடவுச்சொல்லைப் போடாதீர்கள். ஆள் இல்லாத அறையில் இரவும் பகலும் ஓட வேண்டிய சேர்வருக்கு இதுதான் என் உறுதியான ஆலோசனை. காரணத்தை நான் நேரில் பார்த்தேன்.

சில வருடங்களுக்கு முன், ஆடி மாதம். அம்பாறைக் கரையோரத்தில் நகை அடகு பிடிக்கும் ஒரு நிறுவனம். அங்கே வேலை பார்த்த இளைஞர் ஒருவர், தரவுகளைப் பாதுகாக்கும் நல்ல எண்ணத்தோடு, சேர்வருக்குத் தொடக்கக் கடவுச்சொல் போட்டிருந்தார். இரவு இரண்டு மணியளவில் மின்சாரம் போய் அரை மணி நேரத்தில் திரும்பி வந்தது. சேர்வரும் எழுந்தது, கறுப்புத் திரையில் ஒரு வரி, அதன் முடிவில் கண்சிமிட்டும் கோடு. காலையில் கதவு திறந்தபோது ஒரு கணக்கும் திறக்கவில்லை. கடவுச்சொல் தெரிந்த ஒரே மனிதர் அந்த இளைஞர். அவரோ கதிர்காமப் பாதயாத்திரையில், உகந்தையைத் தாண்டிக் காட்டுக்குள் நடந்துகொண்டிருந்தார். கைபேசிக்கு எட்டவில்லை. அடகிலிருந்த தன் காப்புச் சோடியை மீட்டு மகளின் கல்யாணத்துக்குப் போட வந்த ஓர் அம்மா, பணத்தைக் கைக்குட்டையில் முடிந்து, பற்றுச்சீட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒன்பது மணியிலிருந்து கதிரையில் உட்கார்ந்திருந்தார். நான் போய்ச் சேர்ந்து, மூடியைத் திறந்து, பலகையிலுள்ள ஜம்பரை (ஊசிகளை இணைக்கும் சிறு மூடியை) மாற்றி இயந்திரத்தை எழுப்பியபோது பிற்பகல் மூன்று. அந்த அம்மா அப்போதும் அங்கேயேதான் இருந்தார்.

அந்தக் கடவுச்சொல் ஒரு திருடனையும் தடுக்கவில்லை. தடுத்தது அந்த அம்மாவைத்தான். அமைப்புகளைக் காக்கிற கடவுச்சொல் வேண்டும். சேர்வர் எழுவதைத் தடுக்கிற கடவுச்சொல் நம் ஊருக்கு ஒத்துவராது. தரவு திருட்டுப் போகும் என்ற பயத்துக்கு வேறு மருந்து இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

பயோஸ் அமைப்புகளுக்குள் எந்த விசையால் போவது?

டெல் பவர்எட்ஜில் எஃப்2. எச்பிஈ புரோலயன்டில் எஃப்9. லெனோவோ திங்க்சிஸ்டத்தில் எஃப்1. சூப்பர்மைக்ரோவில் டெலீட். நிறுவனச் சின்னம் தோன்றியவுடன் விசையை விட்டு விட்டு, திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டே இருங்கள். சேர்வர்கள் எழ நேரமெடுக்கும். நினைவகத்தைச் சோதிக்கச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். திரை மாறவில்லையே என்று பதறி மின்சாரத்தை நிறுத்திவிடாதீர்கள்.

உள்ளே போனதும் "சிஸ்டம் செக்யூரிட்டி" அல்லது "செக்யூரிட்டி" என்ற பகுதியில் கடவுச்சொற்கள் இருக்கும். டெல்லில் செட்டப் கடவுச்சொல் போட்டபின், அது தெரியாதவரும் அமைப்புகளைப் பார்க்கலாம், மாற்ற முடியாது. அதே பகுதியில் "பாஸ்வேர்ட் ஸ்டேட்டஸ்" என்ற தெரிவை "லாக்ட்" என்று வைத்தால், தொடக்கக் கடவுச்சொல்லையும் வெளியார் தாமாகப் போடவோ நீக்கவோ முடியாது. தவறான கடவுச்சொல்லை மூன்று முறை கொடுத்தால் இயந்திரம் நின்றுவிடும். மின்சாரத்தை நிறுத்தித் திரும்பத் தொடங்க வேண்டும்.

தமிழிலேயே கடவுச்சொல் வைக்கலாமா?

தமிழ் எழுத்தில் முடியாது. பயோஸ் திரைக்குத் தமிழ் விசைப்பலகை தெரியாது. ஆங்கில எழுத்துகளில் தமிழ்ச் சொற்களை எழுதலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களை எடுங்கள்: மிளகு, பஞ்சு, கரண்டி, நண்டு என்பதுபோல. இதே நான்கையும் எடுக்காதீர்கள், உங்களுடையதைத் தேடுங்கள்.

ஒரு சிக்கலைக் கவனியுங்கள். தமிழை ஆங்கில எழுத்தில் எழுத நம்மிடம் ஒரே முறை இல்லை. வாழையை ஒருவர் ஒருவிதமாக எழுதுவார், பக்கத்து மேசைக்காரர் வேறுவிதமாக எழுதுவார். எனவே ழகரம், நெடில், இரட்டை மெய் வரும் சொற்களைத் தவிர்ப்பது நல்லது. எந்தச் சொல்லானாலும் எழுத்துக்கு எழுத்து காகிதத்தில் எழுதி வையுங்கள். குறியீடுகள் வேண்டாம். தொடக்கத் திரைகள் பெரும்பாலும் அமெரிக்க விசைப்பலகை அமைப்பையே எதிர்பார்க்கும். பிரித்தானிய அமைப்பில் மேற்கோள் குறியும் மின்னஞ்சல் குறியும் இடம் மாறிக் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாமல் அடிக்கும்போது அந்த வேறுபாடு புலப்படாது. சில பழைய பலகைகள் எட்டு எழுத்துகளுக்கு மேல் ஏற்காது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீன்பாடும் தேனாடு என்ற மட்டக்களப்பின் பட்டப்பெயரையும் அதோடு ஓர் ஆண்டையும் சேர்த்துக் கடவுச்சொல்லாக வைத்திருக்கும் சேர்வர்களை இந்த மாவட்டத்தில் நான் பல தடவை திறந்திருக்கிறேன். எங்கள் ஊரை நேசிப்பவர்கள் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். ஊரின் பெயர், பாலத்தின் பெயர், கோவிலின் பெயர், பள்ளிவாசலின் பெயர், உரிமையாளரின் மூத்த மகளின் பெயர் எதுவும் வேண்டாம்.

பூட் வரிசையை எப்படி வைப்பது?

இயங்குதளம் இருக்கும் வட்டு முதலாவது. பல வட்டுகளை ஒன்றாக்கிக் காட்டும் ரெய்டு கார்ட் இருந்தால் அதன் மெய்நிகர் வட்டு. மற்ற எல்லாவற்றையும் வரிசையில் கீழே தள்ளுவது போதாது. நீக்கிவிடுங்கள் அல்லது முடக்கிவிடுங்கள்.

யூஎஸ்பி திறந்திருந்தால், ஒரு பென்டிரைவோடு வருகிற எவரும் அதிலுள்ள லினக்ஸில் சேர்வரை எழுப்பி உங்கள் வட்டைக் கோப்புறைபோலத் திறந்து படிக்கலாம். விண்டோஸின் கடவுச்சொல் அங்கே எதையும் தடுக்காது, ஏனென்றால் விண்டோஸ் ஓடவே இல்லை. வலையமைப்பு வழி பூட் திறந்திருந்தால் இன்னொரு ஆபத்து. முதல் வட்டு பழுதான அன்று சேர்வர் வலையமைப்பில் குரல் கொடுக்கும். யார் முதலில் பதில் சொல்கிறார்களோ அவர்கள் அனுப்புவதை ஏற்றி ஓடும். கல்வி நிலையங்களில் மாணவர்களின் மடிக்கணினிகளும் சேர்வரும் ஒரே சுவிட்சில் இருப்பதைப் பார்க்கிறேன். அங்கே அதை முடக்காமல் விடக்கூடாது.

விசைப்பலகையும் மவுசும் யூஎஸ்பி என்பதால் துளைகளை முழுவதும் முடக்கிவிட்டு நீங்களே உள்ளே போக முடியாமல் தவிக்க வேண்டாம். யூஎஸ்பியிலிருந்து பூட் ஆவதை முடக்கினால் போதும்.

வரிசையை மாற்றியபின்னும் எஃப்11 அழுத்தினால் பூட் மெனு வருகிறதே?

வரும். ஒரு தடவைக்கு மட்டும் வேறு சாதனத்திலிருந்து பூட் செய்யும் மெனு அது. டெல், எச்பிஈ, சூப்பர்மைக்ரோவில் எஃப்11, லெனோவோவில் எஃப்12. செட்டப் கடவுச்சொல் போட்டால் சில மாடல்கள் இந்த மெனுவுக்கும் அதைக் கேட்கும், சில கேட்காது. ஊகிக்காதீர்கள். கடவுச்சொல் போட்ட அன்றே விசையை அழுத்திப் பாருங்கள். கேட்கவில்லை என்றால் அந்த மெனுவை முடக்கும் தெரிவு அமைப்புகளுக்குள் இருக்கிறதா என்று தேடுங்கள்.

பயோஸ், யூஇஎஃப்ஐ என்று இரண்டு பூட் முறை காட்டுகிறது. மாற்றிப் பார்க்கலாமா?

இயங்குதளம் நிறுவிய பிறகு மாற்றாதீர்கள். எந்த முறையில் நிறுவியதோ அந்த முறையில்தான் எழும். புதிதாக நிறுவுவதானால் யூஇஎஃப்ஐ, பயோஸுக்குப் பின் வந்த புதிய முறை அது. பழைய முறையிலுள்ள வட்டுப் பிரிப்பு சுமார் 2 டெராபைட்டுக்கு மேல் எட்டாது.

மின்சாரம் போய் வந்தபின் சேர்வர் தானாக எழவில்லை. ஏன்?

எனக்கு அதிகம் வரும் அழைப்பு இது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அலுவலகங்களில் யாரும் இல்லை. இவை பெரியவை. வாடைக்காற்றுக் காலத்தில் ஒரு தென்னோலை கம்பியில் விழுந்தாலே நமக்கு மின்சாரம் போகிறது. எனவே ஆளில்லாமல் எழும் திறன், நம் சேர்வர்களுக்குக் கடவுச்சொல்லைப்போலவே முக்கியம்.

அமைப்புகளுக்குள் "ஏசி பவர் ரிகவரி" அல்லது அதுபோன்ற பெயரில் ஒரு தெரிவு இருக்கும். அதற்கு மூன்று மதிப்புகள்: "ஆஃப்", "லாஸ்ட்", "ஆன்". "ஆஃப்" என்றால் மின்சாரம் வந்தாலும் படுத்தே கிடக்கும். "லாஸ்ட்" என்றால் மின்சாரம் போன கணத்தில் எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலைக்குத் திரும்பும். "ஆன்" என்றால் எப்படி இருந்தாலும் எழும்.

பலரும் "லாஸ்ட்" போதும் என்று நினைக்கிறார்கள். யூபிஎஸ் இல்லாத இடத்தில் அது போதும். யூபிஎஸ் இருக்கும் இடத்தில் அதுவே பொறி. மின்கலம் தீரும் தறுவாயில் யூபிஎஸ் சேர்வருக்குச் செய்தி அனுப்புகிறது. சேர்வர் ஒழுங்காகத் தன்னை நிறுத்திக்கொள்கிறது. பிறகு மின்கலம் தீர்ந்து மின்சாரம் முற்றாகப் போகிறது. அந்தக் கணத்தில் சேர்வரின் நிலை என்ன? நிறுத்தப்பட்ட நிலை. ஆகவே மின்சாரம் திரும்பியதும் "லாஸ்ட்" தன் கடமையை மிகச் சரியாகச் செய்து, நிறுத்தப்பட்ட நிலையிலேயே விட்டுவிடுகிறது. "ஆன்" என்று வையுங்கள்.

அதே இடத்தில் தாமதம் வைக்கும் தெரிவும் இருக்கும். மின்சாரம் திரும்பும்போது ஓரிரு தடவை வந்து வந்து போவது வழக்கம். டெல்லில் 60 வினாடிக்குக் குறையாத தாமதத்தை நாமே குறிக்கலாம். எச்பிஈயில் 15 முதல் 60 வினாடி வரை தெரிவு செய்யலாம். நான் எப்போதும் அனுமதிக்கும் அளவில் நீண்டதையே வைக்கிறேன். மின்சாரம் நிலைப்படட்டும், சுவிட்சும் ரூட்டரும் முதலில் எழட்டும்.

"ஆன்" என்று வைத்தும் சில இரவுகளில் எழவில்லை.

இரண்டு இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, யூபிஎஸ்ஸின் வெளியீடு. சேர்வர் தன்னை நிறுத்திக்கொண்டு இரண்டு நிமிடத்தில், மின்கலம் முற்றாகத் தீரும் முன்பே, மின்சாரம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்வரின் பார்வையில் மின்சாரம் போகவே இல்லை, ஏனென்றால் யூபிஎஸ் இடைவிடாமல் கொடுத்துக்கொண்டிருந்தது. போகாத மின்சாரம் திரும்பி வருவதும் இல்லை. அதனால் "ஆன்" தெரிவுக்கு வேலையே வரவில்லை. இதற்கான வழி, சேர்வர் நின்றதும் யூபிஎஸ் தன் வெளியீட்டையும் சற்று நேரத்தில் துண்டிக்கும்படி அமைப்பது. நெட்வேர்க் யூபிஎஸ் டூல்ஸ், ஏபிசியூபிஎஸ்டி ஆகிய இரண்டு இலவச நிரல்களாலும் அந்தக் கட்டளையை அனுப்ப முடியும். துண்டித்த வெளியீட்டை, மின்சாரம் வந்ததும் யூபிஎஸ் திரும்பக் கொடுக்கும், சேர்வர் எழும். மின்கலம் ஓரளவு ஏறிய பின்பே வெளியீட்டைக் கொடுக்கும்படி சொல்லும் வசதி உங்கள் யூபிஎஸ்ஸில் இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் அடுத்த மின்வெட்டு பத்து நிமிடத்தில் வரும்போது ஒழுங்காக நிறுத்த மின்கலத்தில் ஒன்றும் இருக்காது.

இரண்டாவது, "எஃப்1 அழுத்தவும்" என்ற வரி. எழும்போது ஏதாவது சிறு கோளாறு கண்டால் சேர்வர் நின்று மனிதக் கைக்காகக் காத்திருக்கும். டெல்லில் இதை "எஃப்1/எஃப்2 பிராம்ப்ட் ஆன் எரர்" என்ற தெரிவில் முடக்கலாம். எச்பிஈயில் "போஸ்ட் எஃப்1 பிராம்ப்ட்" என்பதை 20 வினாடிக்குப் பின் தானாகத் தொடரும்படி வைக்கலாம்.

அந்தச் சிறு கோளாறு பல சமயம் பலகையிலுள்ள நாணய வடிவ மின்கலம்தான்: சிஆர்2032, மூன்று வோல்ட். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் உள்ள கல்லடி, காத்தான்குடிப் பக்கங்களில் உப்புக்காற்று அதைச் சீக்கிரம் தின்றுவிடுகிறது. சென்ற மாரியில் திறந்த ஒரு சேர்வரில், மின்கலத்தைப் பிடித்திருக்கும் பித்தளை நாக்கின் மேல் பாசிபோலப் பச்சைப் படிவு. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. அந்த இயந்திரம் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பின்னும் திகதியை மறந்து, பூட் வரிசையையும் மறந்து, எஃப்1 கேட்டு நின்றிருக்கிறது. புது மின்கலம் போட்டதும் சரியானது.

லினக்ஸ் சேர்வருக்கு இவை போதுமா?

இன்னும் ஒரு கதவு இருக்கிறது: லினக்ஸை ஏற்றும் கிரப் என்ற நிரல். எழும்போது ஒரு சில வினாடி தோன்றும் அந்த மெனுவில் ஆங்கில ஈ எழுத்து விசையை அழுத்தி, கேர்னலை (லினக்ஸின் கருவை) ஏற்றும் வரியின் முடிவில் ஒரு சிறு சொற்றொடரைச் சேர்த்தால், கடவுச்சொல்லே இல்லாமல் ரூட் என்ற முழு நிர்வாக உரிமையோடு உள்ளே போகலாம். ரூட் கடவுச்சொல்லை மறந்தபோது நாமே செய்யும் வேலைதான். அதை அந்நியரும் செய்யலாம்.

எனவே கிரப்புக்கும் கடவுச்சொல் வையுங்கள், மூலச் சொல்லாக அல்லாமல் சங்கேத வடிவில். ரெட் ஹாட் குடும்பத்தில் இதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. வழக்கமான தொடக்கத்தைத் தடுக்காமல், மெனுவைத் திருத்துவதை மட்டும் பூட்டும். டெபியன், உபுண்டுவில் கவனம் தேவை. அங்கே நிர்வாகப் பெயரை மட்டும் குறித்துவிட்டு, ஒவ்வொரு மெனு வரிக்கும் "அன்ரெஸ்ட்ரிக்டட்" என்ற சொல்லைச் சேர்க்க மறந்தால், ஒவ்வொரு தொடக்கத்திலும் கடவுச்சொல் கேட்கும். சுற்றி வளைத்து, வேண்டாம் என்று நான் சொன்ன தொடக்கக் கடவுச்சொல்லுக்கே வந்து நிற்பீர்கள்.

பழைய உபுண்டு சேர்வர் பதிப்புகளில் இன்னொரு பழக்கம் உண்டு. முந்தைய பூட் ஒழுங்காக முடியவில்லை என்று கண்டால் மெனுவைக் காட்டி, யாராவது தெரிவு செய்யும்வரை காத்திருக்கும். பின்னர் வந்தவற்றில் அது 30 வினாடியாகிவிட்டது. கிரப் அமைப்புக் கோப்பில் அந்த நேரத்தைச் சில வினாடிகளாக நீங்களே குறித்துவிடலாம்.

கிரப் கடவுச்சொல்லை உடைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

2015 டிசம்பரில் வெளியான செய்தி அது. பயனர் பெயர் கேட்கும் இடத்தில் பேக்ஸ்பேஸ் விசையை 28 முறை அழுத்தினால் மீட்புத் திரைக்குள் போய்விடலாம் என்று ஸ்பெயினின் வலென்சியாத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் கண்டுபிடித்தார்கள். 1.98 பதிப்பிலிருந்தே அந்தத் தவறு இருந்திருக்கிறது. 2020 ஜூலையில் பூட்ஹோல் என்ற வேறொரு ஓட்டையும் வெளிவந்தது. இரண்டுக்கும் திருத்தம் வந்துவிட்டது. நிறுவிய நாளிலிருந்து மேம்படுத்தாத சேர்வர் என்றால் மட்டும் கவலைப்படுங்கள், இன்றே.

செக்யூர் பூட் போட வேண்டுமா?

போடுங்கள். கையொப்பமில்லாத பூட் நிரல் ஓடுவதை அது தடுக்கிறது. விண்டோஸ் சேர்வரும் பெயர்பெற்ற லினக்ஸ் பதிப்புகளும் அதோடு இயங்கும். ஆனால் அதை மாற்றவோ அணைக்கவோ பயோஸ் அமைப்புகளுக்குள் போனால் போதும் என்பதால், செட்டப் கடவுச்சொல் இல்லாத செக்யூர் பூட்டால் பயன் குறைவு. மைக்ரோசாஃப்ட் 2011இல் வெளியிட்ட சான்றிதழ்களின் காலம் 2026 ஜூன் தொடக்கம் முடிகிறது. அதனால் சேர்வர் உடனே நின்றுவிடாது. பூட் பகுதிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள்தான் வராமல் போகும். ஃபேர்ம்வேரையும் (பலகையிலேயே இருக்கும் பயோஸ் போன்ற நிரல்களையும்) இயங்குதளத்தையும் மேம்படுத்திவிடுங்கள். ஃபேர்ம்வேர் மேம்படுத்தியபின் பூட் வரிசை மாறியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

வட்டையே கழற்றிக்கொண்டு போனால்?

பயோஸ் கடவுச்சொல் எதுவும் உதவாது. அது பலகையில் இருக்கிறது, தரவு வட்டில் இருக்கிறது. தொடக்கக் கடவுச்சொல் போட்டவர்களின் உண்மையான பயம் இதுதான், அந்தப் பயம் நியாயமானது. நோயாளர் விபரம், அடகுக் கணக்கு, பிள்ளைகளின் முகவரி எல்லாம் அதில் இருக்கின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நம் நாட்டில் இருக்கிறது.

மருந்து, வட்டைச் சங்கேதமாக்குவது. விண்டோஸில் பிட்லாக்கர், லினக்ஸில் லக்ஸ். சங்கேதத் திறவுகோலைப் பலகையில் திறவுகோல்களைக் காப்பதற்கென்றே உள்ள டிபிஎம் சில்லில் வைத்தால் சேர்வர் ஆளில்லாமலே எழும். கழற்றிப் போன வட்டு வேறெங்கும் திறக்காது. முழு இயந்திரத்தையும் தூக்கிப் போவார்கள் என்ற பயம் இருந்தால், லினக்ஸில் கிளெவிஸ், டாங் என்ற இணை இருக்கிறது: கட்டடத்தின் வேறொரு மூலையிலுள்ள சிறிய கணினி பதில் கொடுத்தால் மட்டுமே வட்டு திறக்கும். வீட்டுக்குக் கொண்டுபோன சேர்வருக்கு அந்தப் பதில் கிடைக்காது.

பிட்லாக்கர் போட்டவர்கள் ஒன்றைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். செக்யூர் பூட்டையோ பூட் அமைப்பையோ மாற்றினால், அடுத்த தொடக்கத்தில் 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் கேட்கலாம். பயோஸைத் தொடும் முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக இடைநிறுத்துங்கள். அந்த 48 இலக்கத்தையும் அச்சிட்டு வையுங்கள். அது அதே சேர்வருக்குள் ஒரு கோப்பில் மட்டும் இருந்தால் இல்லாததற்குச் சமம்.

ஐட்ராக், ஐஎல்ஓ என்று பின்னால் ஒரு வலையமைப்புத் துளை இருக்கிறதே?

தூரத்திலிருந்து சேர்வரை இயக்கும் சிறு கணினி அது. மின்சாரத்தை நிறுத்தலாம், திரையைப் பார்க்கலாம், தொலைவிலுள்ள ஒரு வட்டுப் பிம்பத்தை யூஎஸ்பிபோலச் செருகலாம். அறையைப் பூட்டி வைத்துவிட்டு இதைத் திறந்து விட்டால், பூட்டியதில் பயனில்லை. பழைய டெல் சேர்வர்களில் பயனர் ரூட், கடவுச்சொல் கால்வின் என்றே வரும். உலகம் முழுவதும் தெரிந்த சொல். முதல் நாளே மாற்றுங்கள். இணையத்திலிருந்து நேராக எட்டும்படி ரூட்டரில் ஒருபோதும் திறந்துவிடாதீர்கள். இந்தச் சிறு கணினியோடு பேசப் பயன்படும் ஐபிஎம்ஐ நெறிமுறையின் வடிவமைப்பிலேயே, கடவுச்சொல்லின் சங்கேத வடிவம் வெளியே போகும் குறை உண்டு. பயன்படுத்தாவிட்டால் கேபிளைக் கழற்றி, அமைப்பிலும் முடக்குங்கள். சில மாடல்களில் அது மற்ற வலையமைப்புத் துளையைப் பங்கிட்டுக்கொள்ளும் என்பதால் கேபிளைக் கழற்றுவது மட்டும் போதாது.

செட்டப் கடவுச்சொல்லை மறந்துவிட்டோம். மின்கலத்தைக் கழற்றினால் போகுமா?

பழைய மேசைக் கணினிகளில் போகும். இன்றைய சேர்வர்களில் பெரும்பாலும் போகாது. மின்சாரமில்லாமலும் நிலைக்கும் நினைவகத்தில் கடவுச்சொல் இருக்கிறது. மின்கலத்தைக் கழற்றி நேரத்தையும் அமைப்பையும் இழந்ததுதான் மிச்சமாகும்.

டெல்லில் பலகையின் மேல் கடவுச்சொல்லுக்கென ஒரு ஜம்பர் இருக்கிறது. சேர்வரை நிறுத்தி, மின்கம்பி இரண்டையும் கழற்றி, மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்து அதை மாற்றுங்கள். மாற்றியதும் கடவுச்சொல் அழிந்துவிடுவதில்லை. அந்த நிலையில் ஒரு தடவை எழுந்தபின்தான் அழியும். பிறகு ஜம்பரைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தால் மட்டுமே புதிய கடவுச்சொல் போடலாம். எச்பிஈயில் ஜம்பருக்குப் பதிலாகச் சிறு சுவிட்ச் வரிசை; பல தலைமுறைகளில் ஐந்தாவது சுவிட்ச் தொடக்கக் கடவுச்சொல்லை முடக்கும்.

எல்லாவற்றுக்கும் இப்படி வழி இல்லை. ஐபிஎம்மின் பழைய சிஸ்டம் எக்ஸ் கையேடுகள் வெளிப்படையாகவே சொல்கின்றன: நிர்வாகக் கடவுச்சொல்லை மறந்தால் அதை மாற்றவோ நீக்கவோ வழியில்லை, பலகையையே மாற்ற வேண்டும். கொழும்பிலிருந்து பழைய சேர்வர் வாங்குவோர், பணம் கொடுக்கும் முன் அமைப்புகளுக்குள் போய் ஒன்றை மாற்றிச் சேமித்துப் பாருங்கள். கடவுச்சொல் கேட்டால் விற்பவரே நீக்கித் தரட்டும்.

ஜம்பரால் எல்லாம் போய்விடுமானால் கடவுச்சொல் எதற்கு என்று சம்மாந்துறையில் ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. அதனால்தான் சேர்வரின் மூடிக்கும் அறைக்கும் பூட்டு வேண்டும். மூடியைத் திறந்து ஜம்பரைத் தேடுவதற்குப் பத்து நிமிடமாவது வேண்டும். பென்டிரைவ் செருக ஒரு நொடி போதும்.

கடவுச்சொல் யாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்?

இரண்டு பேருக்கு. ஒருவர் மட்டும் என்றால் உகந்தைக் காட்டுக் கதைதான் திரும்ப நடக்கும். ஹஜ் பயணமாகவும் இருக்கலாம், பிள்ளைப்பேறாகவும் இருக்கலாம். ஐந்து பேர் என்றால் ஊருக்கே தெரியும்.

எழுதி, உறையில் போட்டு, ஒட்டிய இடத்தில் முகாமையாளர் கையொப்பமிட்டு, இரும்புப் பெட்டியில் வையுங்கள். உறையில் இருக்க வேண்டியவை: செட்டப் கடவுச்சொல், கிரப் கடவுச்சொல், ஐட்ராக் கடவுச்சொல், பிட்லாக்கர் மீட்பு இலக்கங்கள், சேர்வரின் மாடலும் தொடர் இலக்கமும், பூட் வரிசையின் கைபேசிப் படம் ஒன்று. கடற்கரையோரத்து அலுவலகம் என்றால் இரண்டாவது பிரதியைக் கடலிலிருந்து தள்ளியுள்ள ஓர் ஊரில் வைப்பது அவசியம். 2004 டிசம்பர் 26ஐப் பார்த்த நமக்கு அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

முன்பிருந்த தொழில்நுட்பவியலாளர் கடவுச்சொல் தராமல் போய்விட்டார்.

முதலில் மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலும் யாரும் கேட்காததால்தான் சொல்லாமல் போயிருப்பார். கிடைத்தால் அன்றே மாற்றுங்கள். கிடைக்காவிட்டால் மேலே சொன்ன ஜம்பர் வழி. நானோ வேறு யாரோ உங்கள் சேர்வரை அமைத்தாலும், வேலை முடிந்த அன்று அந்த உறையை வாங்காமல் மிச்சப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

எல்லாம் அமைத்தபின் எப்படிச் சோதிப்பது?

யாரும் வேலை செய்யாத ஒரு காலையில், பேக்கப் எடுத்தபின். முதலில் பென்டிரைவில் பூட் ஆகும் லினக்ஸ் ஒன்றைச் செருகிச் சேர்வரை எழுப்புங்கள். அது பென்டிரைவைப் பொருட்படுத்தாமல் தன் வட்டிலிருந்தே எழ வேண்டும். பிறகு பூட் மெனு விசை. பிறகு பயோஸ் அமைப்புகளுக்குள் போய், அந்தத் திரை தெரியும்போதே சுவரிலிருந்து மின்கம்பியை இழுங்கள். அப்போது இயங்குதளம் ஓடவில்லை என்பதால் தரவுக்குத் தீங்கில்லை. ஒரு நிமிடம் கழித்துத் திரும்பச் செருகிவிட்டு, விசைப்பலகையையும் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

கடைசியாக யூபிஎஸ். அதன் சுவர்ப் பக்கக் கம்பியைக் கழற்றி, சேர்வர் தானாக நிற்கும்வரை காத்திருந்து, நின்ற இரண்டாவது நிமிடத்தில் திரும்பச் செருகுங்கள். பெரும்பாலான இடங்களில் இந்தச் சோதனைதான் முதல் தடவை தோற்கும்.

கம்பியைச் செருகியதிலிருந்து காசாளரின் கணினியில் கணக்கு திறக்கும்வரை எத்தனை நிமிடம் ஆனது என்று பார்த்து, அதை உறையின் மேல் எழுதிவிடுங்கள். மின்சாரம் வந்து அந்த நேரமும் கடந்து கணக்கு திறக்காவிட்டால் மட்டும், சேர்வர் அறைக் கதவைத் திறந்தால் போதும்.